இக்னிஷன் காயிலுக்கு ஒரு சொல் போதுமா, ரெண்டு வேணுமா?

அன்பர்களே, பைக்ல பிளக்குக்குப் பொறி குடுக்கிற இக்னிஷன் காயிலுக்கு நம்ம அகராதில என்ன தமிழ்ப்பேர் போடுறதுங்கிற பேச்சுல ஒருத்தர் இப்படிக் கேட்டிருந்தார்:

> 'எரியூட்டுச் சுருள்'னு ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்துல இருக்கே, அதையே வச்சுக்கலாமே, இதுக்கு மேல எதுக்கு மெனக்கெடணும்?

மெனக்கெட வேண்டிய இடமே இதுதான் ஐயா. எரியூட்டுச் சுருள் தப்பான சொல் இல்ல. ஆனா பழைய பைக்குக்கு காயில் மாத்தப் போறவருக்கு அந்த ஒரு சொல் பத்தாது. காயில்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சாமான் விக்குது. பார்க்க ரெண்டும் ஒண்ணுபோல இருக்கும், கறுப்பா ஒரு கட்டி, அதுல சின்ன முனை ஒண்ணோ ரெண்டோ, பிளக்குக்குப் போற தடிச்ச ஒயர் ஒண்ணு. உள்ள நடக்கிற வேலை வேற.

பாயிண்ட் (எஞ்சின் சுத்தும்போது மூடித் திறக்கிற சின்ன சுவிட்ச்) வச்ச பழைய வண்டில என்ன நடக்குதுன்னா, பாயிண்ட் மூடியிருக்கிற நேரம் பேட்டரிலேருந்து முதன்மைச் சுருள்ல மின்னோட்டம் ஏறி காந்தப்புலமா ஆற்றல் சேருது, பாயிண்ட் திறந்ததும் மின்னோட்டம் சட்டுனு முறியுது, புலம் சரியுது, அந்த வேகத்துல துணைச் சுருள்ல பத்தாயிரம் வோல்ட்டுக்கு மேல எகிறி பிளக்குல பொறி தாவுது. அதாவது ஆற்றலைச் சேர்த்து வைக்கிறதே காயில்தான். சி.டி.ஐ (மின்தேக்கிய வச்சுப் பொறி குடுக்கிற எலெக்ட்ரானிக் முறை) வண்டில அப்படி இல்ல. அங்க ஆற்றல் சேர்றது மின்தேக்கில, அது சில நூறு வோல்ட்ட ஒரே அடியா காயிலுக்குள்ள கொட்டும், காயில் அத இன்னும் பெரிய வோல்ட்டா ஏத்தி பிளக்குக்கு அனுப்பும், அவ்வளவுதான். அதனால சி.டி.ஐ காயிலோட முதன்மைத் தடை பெரும்பாலும் ஒரு ஓமுக்கும் கம்மி. பாயிண்ட்டுக்கான 12 வோல்ட் காயில்ல 3லேருந்து 5 ஓம் வரைக்கும் இருக்கும்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. 12 வோல்ட், 4 ஓம்னா மூணு ஆம்பியர், பாயிண்ட் தாங்கும். அதே இடத்துல அரை ஓம் சி.டி.ஐ காயில மாட்டினா 24 ஆம்பியர் வரைக்கும் போகப் பார்க்கும், ஃபியூஸ் போகும், இல்லன்னா பாயிண்ட் முகம் கருகி குழி விழும். கடையில 'எரியூட்டுச் சுருள்'னு மட்டும் எழுதியிருந்தா வாங்குறவருக்கு இது எப்படித் தெரியும்? சொல்லுக்குள்ளயே அந்த வேறுபாடு இருக்கணும்னு நான் அடம்பிடிக்கிறது அதுக்காகத்தான்.

பொதுப்பேருக்கு என் ஓட்டு தீப்பொறிச் சுருள். 'பொறிச்சுருள்'னு சுருக்கலாம்னு ஒரு நண்பர் எழுதியிருந்தார், ஆனா பொறின்னா இயந்திரமும்தான், பொறியியல்லேருந்து வர்றவங்க அத எஞ்சின் காயில்னு படிப்பாங்க. 'தீ' ஒட்டிக்கிட்டா அந்தக் குழப்பம் இல்ல.

வகைப்பேருக்கு வர்றேன்.

> 'தேக்கு சுருள்', 'மாற்று சுருள்' – இப்படிப் பிரிச்சா எளிமையா இருக்குமே?

ரெண்டுமே சிக்கல்ங்க. மின்தேக்கின்னா கெப்பாசிட்டர், ஆற்றலச் சேர்த்து வைக்கிற பாயிண்ட் வகைக்கு 'தேக்கு சுருள்'னு பேர் வச்சா மின்தேக்கியோட சேர்ந்து வேலை செய்ற காயில்னு தோணும், அது நேர் எதிர் வகை. 'மாற்று சுருள்' இன்னும் மோசம், பழசுக்குப் பதிலா வாங்குற எந்தக் காயிலையும் மாற்றுச் சுருள்னுதானே சொல்வோம்.

நான் முன்வைக்கிறது: பாயிண்ட் வகைக்கு முறிசுருள், சி.டி.ஐ வகைக்கு ஏற்றுசுருள். ஏற்று மின்மாற்றி, இறக்கு மின்மாற்றின்னு பள்ளிப் பாடத்துலயே படிச்சிருக்கோம், அதோட இது இயல்பா ஒட்டும். முறிசுருள்னா மின்னோட்டம் முறியிற நொடில பொறி குடுக்கிற சுருள். 'பாயிண்ட் காயில்'னு பேச்சுல சொல்றதவிட இது ஏன் நல்லதுன்னா, பாயிண்ட்ட கழட்டிட்டு டிரான்சிஸ்டர் வச்ச எலெக்ட்ரானிக் பெட்டி மாட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, அங்கயும் மின்னோட்டத்த முறிச்சுத்தான் பொறி வருது, பேர மாத்த வேண்டியதில்ல. முறிசுருளும் வோல்ட்ட ஏத்தத்தானே செய்யுதுன்னு ஒருத்தர் கேக்கலாம். ஏத்துது, மறுக்கல. ஆனா ஏற்றுசுருள் அத மட்டும்தான் செய்யுது.

இத வச்சு ஒரு வாங்கல் விவரம் எப்படி எழுதலாம்னு பாருங்க: 'முறிசுருள், 12 வோல்ட், முதன்மைத் தடை 4 ஓம், இருமுனை'. இதுல எதுவுமே அலங்காரம் இல்ல. வோல்ட் முக்கியம், ஏன்னா பல பழைய வண்டிங்க 6 வோல்ட். 6 வோல்ட் வண்டில 12 வோல்ட் காயில மாட்டினா மின்னோட்டம் பாதியாகும், மின்னோட்டம் பாதியானா சேர்ற ஆற்றல் கால்வாசிதான், பொறி வரும் ஆனா நோஞ்சானா வரும், சூடான எஞ்சின் உதைச்சாலும் கிளம்பாது. இருமுனைங்கிறது ஒரே காயில்லேருந்து ரெண்டு பிளக்குக்கு ஒயர் போற வகை. 1969ல வந்த ஹோண்டா சி.பி.750ல நாலு சிலிண்டருக்கு ரெண்டே காயில்தான், 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. ஜோடில ஒரு சிலிண்டர் எரியத் தயாரா இருக்கும்போது மத்தது புகைய வெளியே தள்ளிக்கிட்டு இருக்கும், அங்க விழுற பொறிக்கு வேலையில்ல. அத 'வீண்பொறி'ன்னு உங்கள்ல சிலர் எழுதியிருந்தீங்க, எனக்கு 'உடன்பொறி' பிடிக்குது, அந்தப் பொறி இல்லாம சுற்று முழுமையாகாது, ஒரு பிளக் ஒயர் அறுந்தா ரெண்டு சிலிண்டரும் மக்கர் பண்ணும்.

தடைய அளக்கிற விதத்தையும் அகராதிப் பதிவுல ரெண்டு வரி சேர்க்கணும்னு கேட்டுக்கிறேன். மீட்டர 200 ஓம்ல வச்சு முதல்ல ரெண்டு கம்பி முனையையும் ஒண்ணோட ஒண்ணு தொடவிடுங்க, 0.3னோ 0.4னோ காட்டும், அது மீட்டர் ஒயரோட தடை. அப்புறம் காயிலோட ரெண்டு சின்ன முனைல வச்சு வர்றதுல அதக் கழிச்சுக்கணும். முறிசுருள்ல இது பெருசாத் தெரியாது, ஏற்றுசுருள்ல கழிக்காம விட்டா அளவே பொய்யாயிடும்.

பேட்டரிக்கு வருவோம். 'மின்கலம்'னே போதும்னு சிலர் சொல்றாங்க, ஆனா கலம்ங்கிறது ஒத்த அறை, பாடநூல்ல இருக்கிற மின்கல அடுக்குதான் சரி. காரீய-அமிலக் கலம் ஒண்ணுக்கு 2.1 வோல்ட், மூணு சேர்ந்தா 6 வோல்ட் பேட்டரி, ஆறு சேர்ந்தா 12. முழுசா சார்ஜ் ஏறி ஓய்வுல இருக்கிற நல்ல பேட்டரி 12.6 காட்டணும். எவ்வளவு சார்ஜ் போட்டாலும் 10.5லயே நின்னா அடுக்குல ஒரு கலம் செத்துருச்சுன்னு அர்த்தம். அடுக்குன்னு சொல்லிப் பழகினவருக்கு இது விளக்காமலே புரியும். பேச்சுல பேட்டரின்னே இருக்கட்டும், அதுல எனக்கு வருத்தமே இல்ல.

இங்க அவசரமா ஒரு சொல் வேணும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரில பல தயாரிப்பாளர்கள் ஆம்பியர்-மணிய (பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும்ங்கிற அளவு) 'ஈக்விவலன்ட்'னு ஒரு அளவுல போடுறாங்க. 12ன்னு போட்டிருக்கிறதுல உண்மையில 4 ஆம்பியர்-மணிதான் இருக்கலாம், எஞ்சினக் கிளப்புற வலு 12 ஆம்பியர்-மணி காரீய பேட்டரிக்குச் சமம்ங்கிறதுதான் அந்த எண்ணோட அர்த்தம். சார்ஜிங் வீக்கா இருக்கிற பழைய வண்டில இத நம்பி லைட் போட்டு ஓட்டினா சீக்கிரம் வோல்ட் இறங்கி முறிசுருளுக்கும் மின்னோட்டம் பத்தாமப் போகும். அதனால 'கொள்ளளவு'ங்கிற சொல்ல உண்மையான ஆம்பியர்-மணிக்கு மட்டும் வச்சுக்கிட்டு, அந்த மத்த எண்ண 'கிளப்புநிகர்'னு தனியாச் சொல்லணும். லித்தியத்துக்கு இன்னொண்ணும் உண்டு, சார்ஜ் 14.6 வோல்ட்டத் தாண்டக்கூடாது, சார்ஜ் வோல்ட்ட அடக்குற பழைய ரெகுலேட்டர் சிலது சாதாரணமாத் தாண்டவிடும். ரெகுலேட்டர மாத்தாத வண்டிக்கு காரீய-அமில பேட்டரிலயே ஏ.ஜி.எம்ங்கிற வகைதான் நிம்மதி, அதுவும் ரெகுலேட்டர் ஓரளவுக்கு ஒழுங்கா இருந்தா.

ஒரு சின்ன விஷயம், ஆனா விட்டா புகை வரும். பழைய பிரிட்டிஷ் வண்டிங்க பலதுல பேட்டரியோட பாசிட்டிவ் முனைதான் சேஸிஸோட இணைஞ்சிருக்கும், தெரியாம மாத்தி மாட்டக்கூடாது. 'நேர்த்தரை', 'எதிர்த்தரை'ன்னு வச்சா ரெண்டும் ஒரு பார்வைல புரியும், இதுல யாருக்கும் மறுப்பு இருக்காதுன்னு நம்புறேன்.

பாக்கி இருக்கிறது 'பல்சர் காயில்' (pulser, பைக் பேர் இல்ல). பொறி எப்ப விழணும்னு எலெக்ட்ரானிக் பெட்டிக்குச் சைகை குடுக்கிற குட்டிச் சுருள், அதையும் காயில்னே சொல்றதால தீப்பொறிச் சுருளோட சேர்த்துக் குழப்பிக்கிறாங்க. நான் 'உணர்சுருள்'னு எழுதி வச்சிருக்கேன், 'சைகைச்சுருள்' நல்லதுன்னு நினைக்கிறவங்க காரணத்தோட எழுதுங்க, பதிவ அடுத்த வாரம் ஏத்துறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிடலாம்.