புது அலாய் வீல் மாட்டியதிலிருந்து முன்பக்கம் "டக் டக்" சத்தம், என்னவாக இருக்கும்?

கேட்டவர்:
நான்கு நாட்களுக்கு முன் 14 அங்குல இரும்பு ரிம்மைக் கழற்றிவிட்டு 15 அங்குல அலாய் வீல் போட்டேன். டயரும் புதிது, 175/65 இருந்த இடத்தில் 195/55. முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. மறுநாளிலிருந்து முன்பக்கம் இடதுபுறம் "டக்... டக்... டக்..." என்று கேட்கிறது. மெதுவாகப் போகும்போதுதான் தெளிவாகக் கேட்கிறது, வேகம் கூடினால் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடுகிறது. இது போக, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து ரிவர்ஸ் எடுத்தால் "சர்ர்ர்" என்று ஏதோ உரசுகிறது. மாட்டிக் கொடுத்தவர் "புது டயர் அப்படித்தான், போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைகளும் இந்த வண்டியில்தான் வருகிறார்கள். எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

முதல் பதில்:
நண்பரே, நட்டைச் சரிபார்க்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள். புது டயர் "ங்ங்" என்று இரையலாம், "டக் டக்" என்று தட்டாது. வண்டி தரையில் நிற்கும்போதே வீல் ஸ்பேனரைப் போட்டு ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பாருங்கள். ஒன்று சுலபமாகத் திரும்பினால்கூட அது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்புறம், நட்டு உட்காரும் குழியைச் சுற்றிப் பெயின்ட் உரிந்தோ கறுப்பாகப் பொடி படிந்தோ இருக்கிறதா என்றும் பாருங்கள். நான்கு சக்கரத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இரண்டாவது பதில்:
ஆக்சில் முனையில் இருக்கும் சிவி ஜாயின்ட்டாக இருக்குமோ? அது தேய்ந்தாலும் டக் டக் என்றுதான் வரும்.

முதல் பதில் எழுதியவர்:
அது பெரும்பாலும் ஸ்டியரிங்கை ஒடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வரும். இவருக்கு நேராகப் போனாலே வருகிறது. பேரிங் என்றால் தட்டாது, உறுமும். வளைவில் எடை ஒரு பக்கம் சாயும்போது அந்த உறுமல் கூடும் அல்லது குறையும். இவர் வண்டியில் வீல் மாட்டும் வரை சத்தமே இல்லை, அதனால் மாட்டிய இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். இன்னொரு கணக்கும் உதவும். இந்த டயரின் சுற்றளவு 1.87 மீட்டர் வரும். 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு 3 தடவை சுற்றும். சத்தமும் நொடிக்கு மூன்று என்றால் சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்றுதான் தட்டுகிறது.

கேட்டவர்:
பார்த்தேன், பயந்தே போனேன். முன் இடதுபுறம் நான்கு நட்டில் இரண்டு அரைச் சுற்று திரும்பின. மற்ற மூன்று சக்கரங்களும் இறுக்கமாகவே இருந்தன. முறுக்கிவிட்டு ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், சத்தம் இல்லை. நிம்மதியாகத் திரும்பி வரும்போது லேசாக மறுபடியும் "டக்". இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதுமா?

முதல் பதில் எழுதியவர்:
போதாது, தயவுசெய்து அப்படி விடாதீர்கள். இறுக்கிய நட்டு மறுபடியும் தளர்ந்தால் அது சரியாக உட்காரவில்லை என்றுதான் பொருள். மேலே மேலே முறுக்கினால் ஸ்டட் (நட்டு ஏறும் புரி போட்ட கம்பி) இழுபட்டு ஒருநாள் முறிந்துவிடும். ஜாக்கியில் தூக்கி, கீழே ஸ்டாண்டு கொடுத்து, அந்தச் சக்கரத்தைக் கழற்றுங்கள். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: நட்டின் முகமும் வீலின் குழியும் ஒரே வடிவமா, ஹப்பின் (வீல் பொருந்தி நிற்கும் நடுப்பகுதி) முகத்தில் துருவோ அழுக்கோ இருக்கிறதா, நட்டு எத்தனை சுற்றில் இறுகுகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் புரிக்குப் புரி 1.5 மி.மீ. இடைவெளி என்றால் 8 சுற்றாவது ஏற வேண்டும்.

கேட்டவர்:
சுற்று 9 வருகிறது. ஹப்பில் துரு பொருக்குப் பொருக்காக இருக்கிறது. நட்டு பழைய வீலில் இருந்ததுதான், முகம் பந்து மாதிரி உருண்டை. ஆனால் அலாய் வீலின் குழி நேர்ச்சரிவாக, கூம்பு மாதிரி இருக்கிறது. குழிக்குள் மெல்லிசாக ஒரே ஒரு கோடு மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கிறது.

முதல் பதில் எழுதியவர்:
கண்டுபிடித்துவிட்டீர்கள். கூம்புக் குழியில் உருண்டை நட்டு அந்தக் கோட்டில் மட்டும்தான் தொடும். கொஞ்சம் ஓடியதும் அந்த இடம் நசுங்கி, பிடி விட்டுவிடும். துருவும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் தளரும். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்புதான் இருக்கும். ஹோண்டா போன்ற சில கார்களில் கம்பெனி நட்டு உருண்டை முகம், சிலவற்றில் தட்டை வாஷர். ஆகவே வீல் மாறினால் நட்டும் மாற வேண்டும். இதை மாட்டுபவர் பார்த்திருக்க வேண்டும், எனக்கு ஆத்திரமாக வருகிறது.

அதே புரி அளவில் கூம்பு முக நட்டு வாங்கி நான்கு சக்கரத்துக்கும் போடுங்கள். ஹப்பைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேயுங்கள். புரியில் கிரீஸ் தடவ வேண்டாம். தளர்ந்து ஓடிய சக்கரத்தின் ஸ்டட்டுகளை ஒரு மெக்கானிக்கிடம் காட்டி மாற்றிவிடுவது நல்லது. வீலின் துளை நீள்வட்டமாகியிருந்தால் அந்த வீலே வேண்டாம். எதிரெதிர் வரிசையில் டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். பல சிறிய கார்களில் அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை மறுபடியும் பாருங்கள்.

மூன்றாவது பதில்:
அந்த "சர்ர்ர்" வேறு சங்கதி. வீலின் உள்பக்கம் ET என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஓர் எண் இருக்கும், அதுதான் ஆஃப்செட், அதாவது வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது என்பது. அது குறைந்தால் வீல் வெளியே வரும். பழையது 45, புதியது 38 என்று வைத்துக்கொள்வோம். வீல் 7 மி.மீ. வெளியே வரும். டயர் 175-லிருந்து 195 ஆகி 20 மி.மீ. அகலம் கூடியதில் பக்கத்துக்கு 10. ஆக வெளிவிளிம்பு 17 மி.மீ. தள்ளி நிற்கும். முழுசாக ஒடிக்கும்போது மட்கார்டு உள்பிளாஸ்டிக்கைத் தொடத்தான் செய்யும்.

கேட்டவர்:
ET 38 தான் போட்டிருக்கிறது! பிளாஸ்டிக்கில் உரசிய தடமும் தெரிகிறது. அதன் ஒரு கிளிப் கழன்று தொங்கியது, மாட்டியதும் உரசல் பாதி குறைந்துவிட்டது. மீதிக்கு என்ன செய்வது என்று பார்க்க வேண்டும். கூம்பு நட்டு 16, இடதுபுறத்துக்கு நான்கு ஸ்டட் போட்டாயிற்று. துளைகள் வட்டமாகவே இருக்கின்றன. 80 கி.மீ. ஓட்டி ரெஞ்ச் வைத்துப் பார்த்தேன், ஒரு நட்டும் அசையவில்லை. "டக்" இல்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. நாளையிலிருந்து குழந்தைகளை இதிலேயே கூட்டிப் போகிறேன்.