மறுமொழி: 'முழுவுடல் அதிர்வுப் பயிற்சி' சரியா வருமா?

வணக்கம். அதிர்ற மேடை மேல ஏறி நின்னு செய்யுற 'ஹோல் பாடி வைப்ரேஷன்' பயிற்சிக்குத் தமிழ்ப் பேர் தேடுற பேச்சுக்கு என் பதில் இது.

> உடம்பு முழுக்க அதிருது, அப்புறம் பேர் வைக்க என்ன யோசனை

ஐயா, நானும் போன வாரம் வரைக்கும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன். அம்மாவ பிசியோதெரபிக்கு கூட்டிட்டுப் போன எடத்துல அந்த அதிர்ற மேடை மெஷின் சும்மா நின்னுச்சு, கேட்டுட்டு ஏறிப் பாத்தேன் (நமக்குத்தான் கை கால் சும்மா இருக்காதே). முட்டிய வெறப்பா நேரா வச்சு நின்னா பல்லு கடகடங்குது, பார்வை கலங்குது, டேபிள் ஃபேன் முன்னாடி பேசுற மாதிரி குரல் வருது. லேசா மடக்குன்னாங்க, மடக்குனதும் தலையில ஆட்டமே இல்ல, தொடையும் கெண்டைக்காலும் மட்டும் கல்லு மாதிரி இறுகிடுச்சு. அதாவது அதிர்வ மேல ஏற விடாம கால் தசை வாங்கி அமுக்குதே, அந்த வேலைதான் இங்க பயிற்சி. 'முழுவுடல்'னு வச்சா தப்பா நிக்கிறவனுக்குத்தான் அந்தப் பேர் பொருந்தும்.

அதோட முழுவுடல் அதிர்வுங்கிறது ஏற்கனவே வேற எடத்துல வேணும். டிராக்டர், ஜேசிபி ஓட்டுறவங்க நாள் பூரா சீட்ல குலுங்கி முதுகுவலி வாங்குறாங்களே, அத அளக்கத்தான் ஐஎஸ்ஓ 2631ங்கிற சர்வதேசத் தரநிலை இருக்கு. அந்தச் சொல்ல அவங்களுக்கே விட்டுடலாம்.

> அதிர்ச்சிப் பயிற்சி?

கரண்ட் வைக்கப் போறாங்கன்னு ஓடிருவாங்க அக்கா. நடுக்கம்னா நோய், துடிப்புன்னா நாடி. 'அதிர்'தான் சரி, அதிர்வெண் ஏற்கனவே பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு (இலங்கையில மீடிறன்னு சொல்வாங்க).

என் பரிந்துரை அதிர்மேடை, அதிர்மேடைப் பயிற்சி. ஆடுறது மேடை, ஆள் இல்ல. இதுல ரெண்டு வகை இருக்கு, ரெண்டு காலையும் ஒண்ணா தூக்கி எறக்குறது ஒண்ணு, சீசா பலகை மாதிரி ஒரு பக்கம் ஏற மறுபக்கம் எறங்குறது இன்னொண்ணு. ரெண்டாவதுக்கு 'மாறுகால்'னு போட நெனச்சேன், மாறுகால் மாறுகை வாங்குறது ஞாபகம் வந்து பயந்து விட்டுட்டேன். தராசு அதிர்மேடைன்னு சொன்னா படம் கண்ணுக்கு வருது.

> அதிர்வு அனிச்சைப் பயிற்சின்னே சொல்லலாமே

அந்த அனிச்சைய (ரிஃப்ளெக்ஸ்) 1966ல எக்லுண்ட், ஹாக்பார்த்னு ரெண்டு ஆய்வாளர்கள் எழுதுனது தசை மேலயே நேரா அதிர்வு குடுத்துப் பாத்து. தசைக்குள்ள நீட்சிய உணர்ற சின்ன உறுப்பு தூண்டப்பட்டு, சேதி தண்டுவடம் வரைக்கும் போய்த் திரும்பி, நாம நெனைக்காமலே தசை இறுகும். மேடையில அதிர்வு பாதம், கணுக்கால்னு தாண்டி வருது, இறுகுனதுல அனிச்சைக்கு எவ்வளவு, விழாம நிக்கிறதுக்கு எவ்வளவுன்னு பிரிக்கிறது கஷ்டம், அதப் போய் பேருலயே முடிவு பண்ணக் கூடாது. அந்த வினைக்குத் தனியா 'அதிர்விறுக்கத் தெறிவினை'ன்னு வைக்கலாம், அனிச்சைய விட இலங்கையோட தெறிவினை எனக்குப் பிடிக்குது, போனது தெறிச்சுத் திரும்புற மாதிரியே இருக்கு.

கடைசியா ஒண்ணு. மேடை 30 ஹெர்ட்ஸ்ல (நொடிக்கு 30 தடவை) ஆடுனா தசையோட மின்சாரத்த அளக்குற தசை மின்பதிவுலயும் (ஈஎம்ஜி) 30, 60, 90 ஹெர்ட்ஸ்ல கூர் கூரா எழும்பும், அதுல ஒரு பங்கு தோல்ல ஒட்டுன எலக்ட்ரோடும் ஒயரும் ஆடுறதால வர்றது. அதக் கழிக்காம தசை இவ்வளவு வேலை செஞ்சுதுன்னு சொன்னா கணக்கு ஊதிப்போகும். ஆட்டத்தால வர்ற இந்தப் பொய்ப் பதிவுக்குத்தான் நல்ல சொல் சிக்கல. 'ஆட்டப்பொய்'னு எழுதி வச்சேன், வீட்ல சிரிக்கிறாங்க.