அப்கிரேடு பாதியில் திரும்பிய பழைய கம்ப்யூட்டர்கள்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

குடியாத்தத்திலிருந்து:

எங்கள் சித்தப்பா குடியாத்தத்தில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம் என்று எல்லாமே ஒரே கம்ப்யூட்டரில்தான் டைப் ஆகின்றன. இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், 32 பிட் விண்டோஸ் 10. அதில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் 7, கூடவே ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள். பின்னால் யுஎஸ்பியில் டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகியிருந்தால்தான் அந்த மென்பொருள் திறக்கும்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும் என்று செய்தி வந்ததும், "அப்போ நம்ம மிஷினு இன்னாடா ஆவும்?" என்று சித்தப்பா கேட்டார். ஓடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் வந்து செருகப்படும் மிஷின் அது. அப்டேட் இல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. விண்டோஸ் 11-க்குப் போகவும் வழியில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், 32 பிட் பதிப்பு அதில் கிடையவே கிடையாது. மிச்சம் இருந்தது, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தரும் நீட்டிப்புத் திட்டம். அதில் சேர விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும். இவர் மிஷினில் இருந்ததோ 1909 என்ற பழைய பதிப்பு.

22எச்2-க்கு ஏற்றும் அப்கிரேடை ஆடியில் செய்யலாம் என்று முடிவு செய்தோம். ஆடியில் கல்யாணப் பத்திரிகை வராது, கூழ் ஊற்றும் நோட்டீஸ் மட்டும்தான். அப்டேட் இறங்கியது, ரீஸ்டார்ட் ஆனது, சதவீதம் ஏறியது. பாதி தாண்டியதும் சட்டென்று இன்னொரு ரீஸ்டார்ட். செய்த மாற்றங்களை எல்லாம் திரும்ப எடுப்பதாகத் திரை சொன்னது. கடைசியில் பழைய 1909 அப்படியே வந்து நின்றது. மறுபடி ஓட்டினால் மறுபடியும் அதே இடம்.

சர்வீஸ் கடையில் கேட்டதற்கு, "ஃபார்மட் அடிச்சிடலாம், இல்லன்னா புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். இந்தப் பதிலைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அச்சகத்து மிஷினை ஃபார்மட் செய்வது என்றால் என்னவென்று யோசித்துப் பாருங்கள். பழைய தமிழ் எழுத்துருக்கள், எல்லா மிஷினிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு வகை அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு போய்விட்டால், வருஷக்கணக்கில் சேர்த்த பத்திரிகை ஃபைல்கள் எல்லாம் வெறும் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் திறக்கும். மென்பொருளின் சிடி எப்போதோ கீறல் விழுந்து வீணாகிவிட்டது. ஃபைலை மட்டும் காப்பி எடுத்து வைத்தால் பாதிதான் காப்பாற்றியதாக அர்த்தம்.

அதனால் முதலில் முழு டிஸ்க்கையும் க்ளோனசில்லா என்ற மென்பொருளை வைத்து வெளி டிஸ்க்கில் இமேஜ், அதாவது அச்சு அசலான நகல், எடுத்தோம். அப்புறம்தான் காரணம் தேடினேன். அப்கிரேடு தோற்றால் விண்டோஸ் ஏன் தோற்றது என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போகும். சி டிரைவில் மறைந்திருக்கும், பெயர் பிடி என்று முடியும் ஃபோல்டருக்குள் சோர்சஸ், அதற்குள் பாந்தர் என்ற ஃபோல்டரில் நடந்ததைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைல்கள் இருக்கும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் செட்டப்டயாக் என்ற கருவி அவற்றைப் படித்துச் சுருக்கமாகச் சொல்லிவிடும்.

எங்களுக்கு வந்த பிழை எண் சி1900101. பெரும்பாலும் டிரைவர் (இணைத்த சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) தகராறு என்று அர்த்தம். அதோடு ஒட்டி வரும் இரண்டாவது எண்ணை யாரும் கவனிப்பதில்லை, அதில்தான் விஷயமே இருக்கிறது. அதன் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதைக் காட்டும். 1 என்றால் பழைய விண்டோஸுக்குள் இருக்கும்போதே, 2 என்றால் இடைக்கால அமைப்பில், 3 என்றால் புதிய விண்டோஸ் முதல் தடவை எழும் முதல் பூட்டில், 4 என்றால் இரண்டாவது பூட்டில். எங்களுக்கு வந்தது 30018. அதாவது முதல் பூட்டில் ஏதோ ஒரு டிரைவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. லாக்கில் அந்த நேரத்துக்கு நேராக இருந்த பெயர், டாங்கிளின் டிரைவர்.

டாங்கிளைக் கழற்றினால் மட்டும் போதாது. அந்த டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே எழுந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் போய் அதை நீக்கி, ஆன்டிவைரஸையும் எடுத்துவிட்டு, பிரிண்டர் ஸ்கேனர் எல்லாவற்றையும் பிடுங்கினோம். கீபோர்டும் மவுசும் மட்டும் மிச்சம். 22எச்2-இன் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவல் ஃபைல்) பென் டிரைவில் ஏற்றி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டப்பை ஓட்டினேன். ஐஎஸ்ஓவும் 32 பிட்டாக இருக்க வேண்டும், 64 பிட்டை வைத்து மேலேற்ற முடியாது. ஹார்டு டிஸ்க் என்பதால் மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்விட்டது. டாங்கிள் தயாரிப்பாளர் தளத்தில் விண்டோஸ் 10-க்கான புது டிரைவர் இருந்தது. போட்டதும் அதே டாங்கிள் வேலை செய்தது. ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் இப்போது அதில்தான் அடிக்கிறார்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து:

அண்ணா, நான் சொல்வது கொஞ்சம் பழைய கதை. அரசு கொடுத்த இலவச லேப்டாப் என் தங்கையிடம் இருந்தது. விண்டோஸ் 7, பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம் இரண்டும் அதில் இருந்தன. 2016 ஜூலை 29 வரை விண்டோஸ் 10 இலவசம் என்றதால் ஏற்றப் பார்த்தோம். சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷனை (விண்டோஸை எழுப்பும் ஃபைல்கள் இருக்கும் டிஸ்க் பகுதி) மாற்ற முடியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. சி டிரைவில் இடம் ஏராளமாக இருந்ததால் முதலில் ஒன்றும் புரியவில்லை.

லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் எழுவது, எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும் லினக்ஸின் க்ரப். ஆக்டிவ், அதாவது எழ வேண்டிய இடம், என்று குறித்திருந்ததும் லினக்ஸ் பார்ட்டிஷன்தான். விண்டோஸ் செட்டப் தன் பூட் ஃபைல்களை அந்தக் குறி உள்ள இடத்தில் தேடிப் பார்த்து ஏமாந்திருக்கிறது. விண்டோஸின் பார்ட்டிஷனை ஆக்டிவ் ஆக்கி, விண்டோஸை எழுப்பும் அதன் சொந்த பூட் லோடரைத் திரும்ப வைத்ததும் அப்கிரேடு ஒரே மூச்சில் முடிந்தது. லினக்ஸை லைவ் பென் டிரைவ் வைத்துப் பிறகு மீட்டுக்கொண்டோம். தங்கை டிப்ளமோ முடிக்கும் வரை அந்த லேப்டாப்பில்தான் படித்தாள்.

இன்னொன்று, பழைய லேப்டாப்பின் பேட்டரியை நம்பி அப்கிரேடில் உட்காராதீர்கள். நம்ம பக்கத்துக் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. யுபிஎஸ் இருக்கும் இடத்தில் வைத்துச் செய்யுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

குடியாத்தம் அண்ணனுக்கு எப்போதும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறது. எங்கள் தோல் யூனிட்டின் கணக்கு மிஷினில் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றது. அப்படி இடம் மாறி மாறி நின்றால் டிரைவரைத் துரத்துவதற்கு முன்னால் டிஸ்க், ராம், சூடு மூன்றையும் பாருங்கள். மே மாத வெயிலில், தூசி அடைத்த ஃபேனோடு ஓடுகிற மிஷினுக்கு அப்கிரேடு என்பது பெரிய பாரம்.

எங்களுக்கு டிஸ்க். டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் எச்சரிக்கை, படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. புது எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) வாங்கி, பழைய டிஸ்க்கை அப்படியே அதில் க்ளோன் செய்து மாட்டியதும் அதே அப்கிரேடு தடையில்லாமல் முடிந்தது. மஞ்சள் காட்டினால் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை ஓட்டிவிடாதீர்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது மூலைமுடுக்கெல்லாம் படிக்க வைத்து இன்னும் கெடுக்கும். கணக்கு ஃபைல்களை முதலில் வெளியே எடுங்கள், அப்புறம் க்ளோன், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம்.