முன் டீரெய்லரைச் சரிசெய்வதில் ஒரு சிக்கல்: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். முன்புறம் மூன்று பல்சக்கரங்களும் பின்புறம் எட்டும் கொண்ட என் சைக்கிளில் கியர் கேபிளை மாற்றியதிலிருந்து, நடுச் சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குச் செயின் எளிதில் ஏறுவதில்லை; லீவரை முழுவதும் அழுத்திப் பிடித்தால்தான், அதுவும் இரண்டு மூன்று சுற்றுகள் உரசிய பின்பே, ஏறுகிறது.

இதுவரை செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். செயினை ஒரு சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளும் முன் டீரெய்லரின் கூண்டில் (செயின் ஊடே செல்லும் இரு தகடுகள்) வெளித்தகடு பெரிய சக்கரத்தின் பற்களுக்கு மேல் சுமார் 2 மி.மீ. இடைவெளியில், மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்துக்கு இணையாக இருக்கும்படி பொருத்தினேன். பிறகு கேபிளைக் கழற்றிவிட்டு, செயினை முன்புறம் மிகச் சிறிய சக்கரத்திலும் பின்புறம் மிகப் பெரிய சக்கரத்திலும் வைத்து, உள்தகடு செயினில் பட்டும் படாமலும் நிற்கும் அளவுக்கு, கூண்டு உட்பக்கம் நகரும் எல்லையை நிர்ணயிக்கும் 'எல்' திருகைத் திருப்பினேன். (முதலில் கேபிள் இறுக்கமாக இருக்கும்போதே இதைச் செய்து அரை நாளை வீணாக்கினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) கேபிளை மீண்டும் இழுத்துப் பூட்டியதும் சிறிய சக்கரத்துக்கு இறங்குவது சீராகிவிட்டது.

வெளிப்பக்க எல்லையை நிர்ணயிக்கும் 'ஹெச்' திருகைக் கால் சுற்று தளர்த்தினால் செயின் ஏறுகிறது. ஆனால் சில வேளைகளில் வெளிப்பக்கமாகக் கழன்று பெடல் தண்டின் மேல் விழுகிறது. திருகைப் பழைய நிலையிலேயே விட்டு, லீவர் அருகிலுள்ள சிறு குமிழைத் திருப்பிக் கேபிளின் இழுவிசையைக் கூட்டினாலோ, செயின் முன்புறம் நடுச் சக்கரத்திலும் பின்புறம் பெரிய சக்கரத்திலும் இருக்கும்போது உள்தகட்டில் உரசுகிறது.

கூண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு திரும்பியிருக்குமோ, அல்லது புதிய கேபிளின் உறை இன்னும் சரியாகப் படியவில்லையோ என்று ஐயப்படுகிறேன். இவற்றுள் எதை முதலில் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.