ரிப்போர்ட்டில் ‘சென்சிட்டிவ்’, ஆனால் தொற்று மறுபடி மறுபடி வருகிறது, ஏன்?

வீட்டுசெவிலி:
வணக்கம். நிரந்தரமாகச் சிறுநீர்க் கதீட்டர் (சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வெளியேற்றும் குழாய்) வைத்திருப்பவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக ஒரு குறிப்பு எழுதுகிறேன். ஒரு இடத்தில் சிக்குகிறது. யூரின் கல்ச்சரில், அதாவது சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், மருந்து ‘சென்சிட்டிவ்’ (கிருமி அதற்குக் கட்டுப்படும்) என்று வருகிறது. முழு கோர்ஸும் கொடுத்தால் காய்ச்சல் அடங்குகிறது. சில வாரங்களில் அதே கிருமி, அதே காய்ச்சல். ரெசிஸ்டன்ஸ் (மருந்துக்குக் கிருமி கட்டுப்படாதது) என்று எழுத ரிப்போர்ட்டில் இடமே இல்லை. பயோஃபிலிம்தான் (கிருமிகள் கூட்டமாக ஒட்டி வாழும் கோழைப் படலம்) காரணம் என்றால், அதை எப்படிப் புரியவைப்பது?

லேப்மேசை:
ரெசிஸ்டன்ஸ் என்று எழுதாமல் விட்டது சரிதான். லேபில் நாங்கள் சோதிப்பது திரவத்தில் தனித்தனியாக மிதக்கும் கிருமியை: மில்லிலிட்டருக்குச் சுமார் 5 லட்சம் கிருமி, மருந்தோடு 16 முதல் 20 மணி நேரம். கதீட்டரின் உட்சுவரில் ஒட்டிய கிருமியின் பிழைப்பே வேறு. தானே சுரந்த சர்க்கரைப் பொருள், புரதம், செத்த கிருமிகளின் டிஎன்ஏ எல்லாம் கலந்த கோழைக்குள் புதைந்து கிடக்கிறது. மேலடுக்கில் இருப்பவை ஆக்சிஜனையும் உணவையும் தின்றுவிடுவதால் அடியில் உள்ளவை பட்டினியில் பெருகாமல் முடங்குகின்றன. பெனிசிலின் வகை மருந்துகள், பெருகும்போது கிருமி சுவர் கட்டுவதைத்தான் கெடுக்கும். முடங்கிக் கிடப்பதை அவை என்ன செய்ய முடியும்?

பெனிசிலினுக்குத் தப்பிய ஒரு சிலவற்றை 1944-லேயே கிருமியியலாளர் ஜோசப் பிக்கர் கவனித்து ‘பெர்சிஸ்டர்’ (விடாமல் நிலைப்பவை) என்று பெயரிட்டார். அவற்றின் சந்ததிக்கு மருந்து மறுபடி வேலை செய்தது. அடுத்த கல்ச்சரிலும் ‘சென்சிட்டிவ்’ என்று வருவது இதனால்தான்.

வீட்டில் இருப்பவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் சுவரைத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். தண்ணீரைக் கொட்டினால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். கதீட்டருக்குள் தேய்க்க வழியில்லை, அதனால் குழாயையே மாற்றுகிறோம்.

குழாய்பராமரிப்பு:
சாம்பிள் எடுப்பதில்தான் அதிகம் தவறுகிறார்கள். சிறுநீர் சேரும் வெளிப்பையிலிருந்து எடுக்கவே கூடாது. கதீட்டர் போட்டு 2 வாரம் தாண்டியிருந்தால் பழையதை எடுத்துவிட்டு, புதியதைப் போட்டு, அதன் வழியே வரும் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், அதன் பிறகுதான் ஆன்டிபயாட்டிக். பழைய குழாயில் எடுத்தால் சுவரில் குடியிருக்கும் கூட்டம்தான் ரிப்போர்ட்டில் வரும். மருந்து கொடுத்துவிட்டுப் பழைய குழாயையே விட்டுவைப்பதும் அதே தவறு.

கலங்கல், நாற்றம் மட்டும் இருந்து வேறு அறிகுறி இல்லையென்றால் கல்ச்சரே வேண்டாம். கதீட்டர் போட்ட ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரில் கிருமி புதிதாகச் சேரும். ஒரு மாதத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும். அதற்கெல்லாம் மருந்து கொடுத்தால் ரெசிஸ்டன்ஸ்தான் மிஞ்சும். காய்ச்சல், குளிர்நடுக்கம், விலாப்புற வலி, திடீர்க் குழப்பம், சிறுநீர் இறங்காமல் நிற்பது: இவை வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இன்னொன்று. எடுத்த கதீட்டரின் நுனியைக் கையுறையோடு விரலிடையே உருட்டிப் பாருங்கள். மணல் நறநறத்தால் புரோட்டியஸ் போன்ற கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, கார நிலையில் உப்புகள் படிகமாகிக் குழாயை அடைக்கின்றன என்று அர்த்தம். அடுத்த முறை அடைப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே மாற்றுங்கள். சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டுசெவிலி:
மிக்க நன்றி. கிருமிநாசினி விட்டுக் குழாயை உள்ளே கழுவலாமா? சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண்ணுக்கும் இதே கதைதானா?

லேப்மேசை:
கழுவ வேண்டாம். குழாயும் பையும் சேரும் இணைப்பைத் திறந்தாலே புதுக் கிருமிக்கு வழி. திரவம் மேலடுக்கைத்தான் தொடும். பல்லில் ஒட்டும் காரையும் இதே போன்ற படலம்தான்: வினிகரால் வாய் கழுவியபோது அதன் வெளிப்புற உயிர்கள் மட்டுமே செத்ததை, நுண்ணோக்கியில் கிருமிகளைக் கண்ட லீவன்ஹுக் 17-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார்.

கால்புண்ணிலும் அடிப்படை அதேதான், அங்கே சுரண்டி எடுக்க முடியும் என்பது ஒன்றே வசதி. செத்த திசுவை நீக்கிய பின் ஓரிரு நாளிலேயே படலம் மறுபடி உருவாகத் தொடங்கும். அந்த இடைவெளியில்தான் டிரெஸ்ஸிங்கும் மருந்தும் நன்றாகப் பிடிக்கும், ஒரே தடவை சுத்தம் செய்துவிட்டு விடுவது வீண். சாம்பிளை மேலே வழியும் சீழிலிருந்து எடுக்காதீர்கள். புண்ணைக் கழுவி, சுரண்டிய பிறகு அடித்தளத் திசுவில் ஒரு துணுக்கை எடுக்கச் சொல்லுங்கள். ஸ்வாப்தான் (பஞ்சுக்குச்சியால் எடுப்பது) வழி என்றால், கழுவிய அடித்தளத்தில் 1 சதுர சென்டிமீட்டர் இடத்தில், திசுநீர் ஊறும் அளவுக்கு 5 விநாடி அழுத்திச் சுழற்ற வேண்டும்.