கடையில் அரிவாளைக் காட்டினார்கள். புகாரை வாபஸ் வாங்கவா, நிற்கவா?

பாளை ஜூஸ்கடை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைப் பக்கம் சின்னதாக ஒரு ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பதரை இருக்கும், கடையைக் கழுவிக்கொண்டிருந்த நேரம், ஒரே பைக்கில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். இருபது, இருபத்திரண்டு வயதுதான், நல்ல போதை. ரோஸ் மில்க் குடித்தார்கள். காசு கேட்டதும் "யார்கிட்ட கேக்கோம்னு தெரியுமா" என்று ஆரம்பித்தார்கள். கடைப் பையன் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டான். ஒருத்தன் பாட்டிலை உடைத்தான், இன்னொருத்தன் முதுகுப் பக்கம் சொருகியிருந்த அரிவாளை எடுத்து மேசை மேல் வைத்தான். வெட்டவில்லை, ஓங்கவும் இல்லை, வைத்தான், அவ்வளவுதான். நான் பையனைப் பின்னால் இழுத்துவிட்டு "காசு வேண்டாம்பா, போய்ட்டு வாங்க" என்றேன். போய்விட்டார்கள். எதிரே டீக்கடையில் பத்து பேர் இருந்தார்கள், ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. (நான் அங்கே உட்கார்ந்திருந்தால் எழுந்திருப்பேனா என்றால், தெரியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.)

மறுநாள் புகார் கொடுத்தேன். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுத்தார்கள், எஃப்.ஐ.ஆர். (வழக்குப் பதிவு) இல்லை. அங்கே இருந்த ஏட்டு ஒருவர், நல்ல மனுஷன்தான், "அண்ணாச்சி, கேமரா பதிவை மட்டும் குடுங்க, பயலுகளுக்கு மாவுக்கட்டு போட்டு அனுப்பிடுவோம். கேஸுன்னு போனா நீங்கதான் கோர்ட்டுக்கு அலையணும்" என்றார். மாவுக்கட்டு என்றால் கையை உடைத்து அனுப்புவது. வீட்டில் வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே பேச்சு, இவனுகளைச் சுட்டுத் தள்ளணும் என்று. அன்று ராத்திரி எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது யோசித்தால் குழப்பமாக இருக்கிறது. நான் செய்தது சரியா, கோழைத்தனமா? இனி என்ன செய்ய?

தாமிரபரணிக்காரன்:

அண்ணாச்சி, இதில் என்ன குழப்பம்? ஏட்டு சொன்னதைக் கேளுங்கள். கையை உடைத்து அனுப்பினால் அடுத்த தடவை உங்கள் தெருப் பக்கம் தலை வைக்க மாட்டான். சட்டம், வாய்தா என்று போனால் பத்து நாளில் ஜாமீனில் வந்து உங்கள் கடை முன்னாலேயே நிற்பான்.

2024 ஜூலை 5, சென்னை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சி மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கையே வெட்டிவிட்டுப் போனார்கள். கட்சித் தலைவருக்கே அந்தக் கதி என்றால் ஜூஸ் கடை எம்மாத்திரம். அப்புறம் புதுக் கமிஷனர் வந்தார், ரவுடிகளுக்குப் புரிகிற மொழியில் பதில் சொல்வோம் என்றார், செப்டம்பர் முடிவதற்குள் சென்னை போலீஸ் கணக்கில் மூன்று என்கவுன்டர். ஜனங்கள் கைதட்டினார்கள். ஏன் தட்டினார்கள்? பயந்து பயந்து வாழ்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். மனித உரிமை பேசுகிறவர்கள் வெட்டுப்பட்டவன் வீட்டுப் படியை மிதித்திருக்கிறார்களா?

ரிட்டயர்ட் எஸ்.எஸ்.ஐ:

முப்பத்து நாலு வருஷம் காக்கி போட்டவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அண்ணாச்சி, நீங்கள் செய்தது கோழைத்தனம் இல்லை. ஆயுதம் வெளியே வந்தபிறகு பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது. அதுவும் கூட்டாளிகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கையில் அரிவாள் வைத்திருக்கிறவனை நீங்கள் ஒரு வார்த்தை மட்டம்தட்டினால், அவன் வெட்ட நினைக்காவிட்டாலும் வெட்டித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவன் மானம் போய்விடும். நான் பார்த்த கொலைகளில் பாதி இப்படி வாயில் ஆரம்பித்ததுதான், முன்விரோதம் எல்லாம் அப்புறம் எஃப்.ஐ.ஆரில் எழுதிக்கொள்வது. அவன் வெளியே போகிற வழியை மறிக்காமல், குரலை உயர்த்தாமல், பையனைப் பின்னால் இழுத்தீர்கள் பாருங்கள், அதுதான் செய்ய வேண்டியது. போனபிறகு உடனே 112-க்கு அடித்திருக்கலாம், மறுநாள் வரை காத்திருந்தது மட்டும்தான் தப்பு. அன்று ராத்திரியே ரோந்து வண்டி வந்திருந்தால் அரிவாளோடு பிடித்திருக்கும், ஆயுதம் பறிமுதல் ஆகியிருக்கும், கேஸே வேறு மாதிரி.

இப்போது மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் காரணம் சொல்லும், எல்லாருக்கும் சிரிப்பு. எங்கள் ஆட்களே மீம் போடுகிறார்கள். நானும் அந்தக் காலத்தில் கை நீட்டியவன்தான், மறைக்கவில்லை. ஆனால் கட்டோடு வெளியே வருகிறவன் பயந்து ஒடுங்குவதை நான் பார்த்தது ரொம்பக் குறைவு. கட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறான், கூட்டத்தில் ஒரு படி ஏறிவிடுகிறான். கேஸ் என்ன ஆகிறது? போலீஸிடம் அவன் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, அது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். ஆக கையை உடைத்தும் ஒன்றும் நிரூபணம் ஆகாது. அரிவாளை எங்கே வாங்கினான், பின்னால் யார், இது வெறும் போதையா இல்லை உங்கள் தெருவில் மாமூல் வசூலுக்கு முதல் நாள் வெள்ளோட்டமா, இதெல்லாம் விசாரிக்கிற வேலை அப்படியே நின்றுபோகும். அடி என்பது வேலை செய்யாமல் வேலை முடிந்ததாகக் காட்டுவது தம்பி.

இன்னொன்று. நீங்கள் கடைக்காரர், அதனால் சொல்கிறேன். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் போலீஸ் அடித்துச் செத்துப்போன அப்பாவும் மகனும் யார்? ரவுடிகளா? செல்போன் கடைக்காரர்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்றுதான் தூக்கிப்போனார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கத்தில் செத்த பையன் கோயில் காவலாளி, காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார், அவ்வளவுதான். ரவுடியை அடிக்கப் பழகிய கைக்கு அப்புறம் ஆள் வித்தியாசம் தெரியாது. சாத்தான்குளத்தில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலமாகச் சொன்னது அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். சுற்றி நின்றவர்கள் எல்லாம் உடன் வேலை பார்ப்பவர்கள். என் சர்வீஸில் அவ்வளவு தைரியத்தை நான் பார்த்ததில்லை, எனக்கு இருந்ததும் இல்லை.

அப்போ என்னதான் செய்ய என்பீர்கள். சலிப்பான வேலைதான். பீட் (ரோந்து) போகிற போலீஸ்காரன் கடைக்குக் கடை இறங்கிப் பேச வேண்டும். இந்த மாதிரிப் பையன்களை ஆரம்பத்திலேயே நன்னடத்தைப் பிணைக்குக் கொண்டுபோக வேண்டும், இனி ஒழுங்காக இருப்பேன் என்று எழுதி வாங்குவது, முன்னே 110-வது பிரிவு என்போம், இப்போது புதுக் குற்ற நடைமுறைச் சட்டத்தில் 129. பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு மீறினால் மீதிக் காலத்துக்கு உள்ளே. அதிலும் ஒரு சிக்கல், அந்த அதிகாரத்தைப் போலீஸ் துணைக் கமிஷனர்களுக்குக் கொடுத்த அரசாணையை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது, போலீஸே பிடித்து போலீஸே தீர்ப்பு சொல்வது சரியில்லை என்று. எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள். எனக்கு அதில் தப்பு தெரியவில்லை.

தாமிரபரணிக்காரன்:

சார், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 டிசம்பரில் நம்ம பாளையங்கோட்டையில், மாவட்ட கோர்ட் வாசலிலேயே பட்டப்பகலில் ஒருத்தரைத் துரத்தித் துரத்தி வெட்டினார்களே, அங்கே போலீஸ் இல்லையா? கோர்ட்டுக்கு வந்தவனுக்கே பாதுகாப்பு இல்லை, சாட்சி சொல்லப் போ என்று அண்ணாச்சியை அனுப்புகிறீர்கள்.

ரிட்டயர்ட் எஸ்.எஸ்.ஐ:

நியாயமான கேள்வி. அதே சம்பவத்தில் வெட்டியவர்களில் ஒருத்தனை அங்கேயே விரட்டிப் பிடித்தது யார்? ஒரு சிறப்பு எஸ்.ஐ., கூடச் சில வக்கீல்கள். சுடவில்லை, பிடித்தார். மற்ற போலீஸ்காரர்கள் ஏன் சும்மா நின்றார்கள் என்று கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அதற்கப்புறம்தான் கோர்ட்டுகளுக்கு ஆயுதப் போலீஸ் என்று உத்தரவு வந்தது. துப்பாக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பது வேறு, கையில் சிக்கியவனை ராத்திரி தனியாகக் கூட்டிப்போய் சுடுவது வேறு.

கறுப்பு கவுன்:

வக்கீல். பெண். ("சார்" என்று பதில் எழுதாதீர்கள்.)

என்கவுன்டரைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும். ஆம்ஸ்ட்ராங் வழக்கில் 2024 ஜூலை 14-ல் சுடப்பட்டவர் ஏற்கெனவே போலீஸ் காவலில் இருந்தவர். கொலைக்குப் பின்னால் யார் என்று அவருக்குத் தெரிந்தது என்னவோ, அது அவரோடு போய்விட்டது. இதில் யாருக்கு லாபம் என்று யோசியுங்கள். இன்னொன்று ஹைதராபாத், 2019 டிசம்பர் 6. ஒரு பெண் கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடித்த நாலு பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நாடே பூத்தூவிக் கொண்டாடியது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் அது ஜோடிக்கப்பட்ட கதை, கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. அந்தப் பெண்ணைக் கொன்றது அந்த நாலு பேர்தானா என்பதை இனி எந்தக் கோர்ட்டும் சொல்ல முடியாது.

இனி அண்ணாச்சி விஷயம். வாபஸ் வாங்காதீர்கள். சி.எஸ்.ஆர். என்பது புகார் வந்தது என்பதற்கு ரசீது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், உச்ச நீதிமன்றத்தின் 2013 லலிதா குமாரி தீர்ப்பு. புதுச் சட்டத்தில் சில வகைக் குற்றங்களுக்கு 14 நாள் முதல்கட்ட விசாரணைக்கு இடம் உண்டு, அதைக் காரணம் காட்டி இழுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அப்புறம் மாஜிஸ்திரேட். உங்கள் புகாரில் "தகராறு" என்று மொட்டையாக எழுதியிருப்பீர்கள், நிச்சயமாக. அரிவாளைக் காட்டி மிரட்டியதால்தான் காசை விட்டேன் என்று தெளிவாக எழுதுங்கள், குடித்துவிட்டுச் சண்டை என்பதற்கும் இதற்கும் பிரிவே மாறும்.

எதிரே பத்து பேர் எழுந்து வந்து பிடித்திருந்தால்? சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கண் முன்னால் ஜாமீனில் விட முடியாத கடுங்குற்றம் செய்கிறவனைப் பொதுமக்களே பிடிக்கலாம், ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். பிடித்துக் கம்பத்தில் கட்டி தர்ம அடி கொடுத்தால் அப்புறம் நீங்கள்தான் குற்றவாளி. தற்காப்பு என்பது ஆபத்து இருக்கிற வரைக்கும்தான், அவன் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடும்போது துரத்திப் போய் அடித்தால் அது தற்காப்பில் வராது. இந்தப் பெயரை யார் வைத்தார்களோ, தர்மம் எங்கே இருக்கிறது அதில்?

சாட்சிக்குப் பயம் இருந்தால், 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுத்தால் டி.எஸ்.பி. அளவில் அறிக்கை வாங்கி முடிவு செய்வார்கள். நடைமுறையில் ஆமை வேகம்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் மனு போட்டதே பதிவாகும், மிரட்டுகிறவனுக்கு அது தெரியும்.

கேமரா பதிவை முதலில் காப்பாற்றுங்கள். பழைய பதிவை அது தானாக அழித்து மேலே எழுதும்.

நாங்குநேரி டீச்சர்:

நான் பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து சொல்கிறேன். 2023 ஆகஸ்டில் எங்கள் ஊரில் பிளஸ் டூ பையனையும் அவன் தங்கச்சியையும் வீடு புகுந்து வெட்டியது கூடப் படித்த பையன்கள், சாதிப் பகையில். அதற்கப்புறம் நீதிபதி சந்துரு குழு வந்தது, 2024-ல் அறிக்கை கொடுத்தது, என்ன சாதி என்று காட்டுகிற கயிற்றைக் கையில் கட்டக் கூடாது என்பதில் ஆரம்பித்து நிறையச் சொன்னார். கயிற்றை அவிழ்க்கச் சொன்னால் அப்பா அம்மாவே சண்டைக்கு வருகிறார்கள். அண்ணாச்சி கடைக்கு வந்த அந்த மூன்று பையன்களும் எங்கள் மாதிரி யாரோ ஒருத்தரிடம் படித்தவர்கள்தானே. இந்த மாதிரிப் பையன்கள் அரிவாளோடு ரீல்ஸ் போடும்போது அதற்கு லைக் போடுகிறவர்களில் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்.

பாளை ஜூஸ்கடை:

எல்லாருக்கும் நன்றி, தாமிரபரணித் தம்பிக்கும் சேர்த்து. நேற்று புகாரை மறுபடி எழுதிக் கொடுத்தேன், வக்கீலம்மா சொன்ன மாதிரி. (ஆமாம், முதல் புகாரில் "தகராறு" என்றுதான் எழுதியிருந்தேன்.) மாவுக்கட்டு வேண்டாம் சார், கேஸ் போடுங்கள் என்றதும் ஏட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்ஸ்பெக்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள். டீக்கடைப் பத்து பேரில் ஒன்பது பேர் அன்றைக்குத் தாங்கள் அங்கே இல்லவே இல்லை என்கிறார்கள், மாஸ்டர் மட்டும் "கூப்பிட்டா வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். வருவாரா, பார்க்கலாம்.

பதிவு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. ஸ்டேஷனில் ஏதோ சர்டிபிகேட் வேண்டும் என்கிறார்கள், கேமரா மாட்டிய பையன் இப்போது துபாயில். என்ன செய்ய?

கறுப்பு கவுன்:

துபாய்ப் பையன் வேண்டாம். புதுச் சாட்சியச் சட்டம் 63-வது பிரிவு, படிவத்தில் இரண்டு பகுதி. கருவி உங்கள் பொறுப்பில் இருப்பதால் முதல் பகுதியில் நீங்களே கையெழுத்து போடலாம், இரண்டாவது பகுதி நிபுணர் போட வேண்டும். பென் டிரைவ் மட்டும் போதாது, கேமராப் பெட்டியின் ஹார்டு டிஸ்க்கையும் கழற்றி வையுங்கள். கடைக்கு வேறு டிஸ்க் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.