புதுப்பிப்பு: டிவி வசனம் தெளிவாகக் கேட்க ரிசீவரில் எந்த மோடு?

தக்கலையில் எங்க ஓட்டு வீட்டுல மழை பெய்தா டிவி வசனமே புரியல, ரிசீவர்ல (டிவி ஒலியைப் பல ஸ்பீக்கருக்குப் பிரிச்சு அனுப்பும் பெட்டி) எந்த ஒலி மோடு வைக்கலாம்னு கேட்டிருந்தேன். இப்போ சரியாயிட்டு.

'மல்டி சேனல் ஸ்டீரியோ' மோடுல இடது, வலது ஒலியே பின்பக்க ஸ்பீக்கர்லயும் வரும். பேச்சு நாலாபக்கமும் சிதறும். மார்த்தாண்டம் அண்ணன் சொன்னபடி 'டால்பி சரவுண்ட்' வைத்தேன். இடது, வலது இரண்டுக்கும் பொதுவான ஒலியை அது பிரிச்சு நடு ஸ்பீக்கருக்கு அனுப்புது. வசனம் பெரும்பாலும் அந்தப் பொது ஒலியில்தான் இருக்கு. அந்த நடு ஸ்பீக்கர் சத்தத்தை (சென்டர் லெவல்) 2 டெசிபல் கூட்டினேன். அம்மா இப்போ சீரியல் வசனத்தை யாரிடமும் கேட்பதில்லை, அதுதான் பெரிய சந்தோஷம்.

ஸ்டீரியோ பாட்டுக்கு, ஒலியை மாற்றாம அப்படியே தரும் 'டைரக்ட்' மோடு மட்டும்தான். குரல் அப்படியே முன்னால நிக்குது. 5.1 படத்துல நடு ஸ்பீக்கருக்கான ஒலி ஏற்கெனவே தனியா வருது, அதனால அதுக்கு இந்த மாதிரி எந்த மோடும் ஏத்த வேண்டாம். அண்ணே, ரொம்ப நன்றி.